தேக்குக் கதவைத் துளைக்கும் துப்பாக்கி

பாறையடிச் சாமியாருக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருந்த ஒருத்தரும் குருவைவிட வயதில் மூத்தவர். அணைஞ்சபெருமாள் என்று பெயர், பெரிய பண்ணையார். ஊரெல்லாம் அவர் முன்னால் கைகட்டி நிற்கும். அவர் கைகட்டி நிற்பது சாமியார் முன்னால் மட்டும்தான்.

ஒருநாள் காலையில் அப்படித்தான் வந்து நின்றார்.

"சாமி, ஒரு பிஸ்டல் வாங்கணும். லைசென்ஸ் வந்தாச்சு. பழைய காலத்து மாடல்தான் பிடிச்சிருக்கு. என்னென்ன பார்த்து வாங்கணும்னு நீங்க சொல்லணும்."

"நல்ல ஆளாப் பார்த்து வந்தீர்! எனக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்? எதுக்கு அது?"

"அந்தி சாஞ்சா வாசலுக்கு யாரோ வராங்க சாமி. ஒரு காலை ஊன்றி, மத்த காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிற சத்தம். கதவு வரைக்கும் வந்து நிக்குது. தட்டுறதில்லை, கூப்பிடுறதில்லை."

"யாருன்னு கேட்டீரா?"

பண்ணையார் கேட்டதில்லை. காலை இழுத்து நடக்கிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்தன்தான். தம்பி கொம்பையா. சொத்தில் பங்கு கேட்டான் என்று அதே வாசலில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தார். அதற்கப்புறம் அவன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு சேதியும் கிடையாது. இருந்தால் மறுபடி பங்கு கேட்பான். செத்திருந்தால்? அதற்கு மேல் நினைக்கப் பண்ணையார் துணியவில்லை.

"சரி வாரும், கடைக்கே போயிருவோம்" என்றார் சாமியார்.

டவுனில் துப்பாக்கிக் கடை ராவுத்தர் ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வைத்தார்.

"குழல் நீளமா இருந்தா குறி அவ்வளவா தப்பாது முதலாளி. கைப்பிடி உள்ளங்கை நிறைய இருக்கணும். விசை ரொம்ப லேசா இருக்கக் கூடாது, கை நடுங்கினாலே வெடிச்சிரும்."

"அதெல்லாம் கிடக்கட்டும். தேக்குக் கதவைத் துளைக்குமா?"

"கதவையா? கதவைத் திறந்துட்டுச் சுடலாமே?"

"திறக்க மாட்டேன்."

ராவுத்தர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் எழுந்தார்.

"இதுல குண்டு இல்லையே?"

"இல்லை சாமி, காலி."

"அப்ப சோதிச்சுப் பார்த்திருவோம். நான் வெளியே போறேன். கதவைச் சாத்திட்டு, உம்ம வீடுன்னு நினைச்சுக்கிட்டு நில்லும்."

கதவு சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. நல்ல உச்சிவெயில் நேரம்தான். ஆனாலும் பண்ணையார் துப்பாக்கியைக் கதவுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

படியில் ஒரு கால் ஊன்றியது. இன்னொரு கால் தேய்ந்து வந்தது.

சாமியார் நடிக்கிறார் என்று பண்ணையார் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்த நடை! அச்சு அசலாக அதே நடை. கூடப் பிறந்தவனின் காலடி அண்ணனுக்குத் தெரியாதா? சத்தம் கதவை ஒட்டி வந்து நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பண்ணையார் விசையை அழுத்தினார். வெறும் 'டக்'.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ராவுத்தர்தான் பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் திறந்தார். வாசலில் ஆளில்லை. படியில் படிந்திருந்த புழுதியில் புதிதாக ஒற்றைக் கால் தடம், அதன் பக்கத்திலேயே இழுத்த கோடு. தடம் கதவு வரைக்கும் வந்திருந்தது. திரும்பிப் போகவில்லை.

சாமியார் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பண்ணையார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"சாமி, நீங்கதானே நடந்தீங்க? நீங்கதானே?"

"இங்க வந்து உட்கார்ந்தவன் இன்னும் எந்திரிக்கலை. டீக்கடைக்காரரைக் கேளும்."

டீக்கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

பண்ணையாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துப்பாக்கி இன்னும் கையிலேயே இருந்தது.

"அப்போ அது யாரு சாமி?"

சாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுட்டதுக்கு அப்புறமா கேக்கீரே, பண்ணையாரே."