செவந்தியைப் பிடித்த பேய்

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. ராணி இல்ல, இளவரசி இல்ல, மருமக. மூஞ்சியச் சுளிக்காத பாப்பா. ராணிக்குக் கதை சொல்ல ஊருபட்ட பேரு இருக்காங்க. பெரியம்மா சொன்னா மருமக கதைதான். ம் சொல்லு.

"ம்."

அவ பேரு செவந்தி. சிரிச்சான்னா கலகலகலன்னு மூணு வீட்டுக்குக் கேக்கும். பொறந்த வீட்டுல அக்கா தங்கச்சியெல்லாம் வட்டமா உக்காந்துக்குவாங்க. அம்மாக்காரி சோத்தப் பெசஞ்சு கையில கையில உருட்டிப் போடுவா. பேசிப் பேசியே சட்டி காலியாயிடும். சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாரும் ஏரிக்கரை வரைக்கும் காத்தாட நடந்துட்டு வருவாங்க. அப்படி வளந்த பொண்ணு.

அப்புறம் கல்யாணம் ஆச்சு. பீப்பீ டும் டும். மாமனாரு பேரு நல்லமுத்து, மீசை ரெண்டு பக்கமும் வெறச்சுக்கிட்டு நிக்கும். மாமியா பவளாயி, வாயத் தொறக்கவே மாட்டா. புருஷன் ராசு. நல்லவந்தான், ஆனா அப்பன் இருமினா இவன் எந்திரிச்சு நிப்பான். அப்படி ஒரு நல்லவன்.

வந்த மறுநாளே செவந்தி எதுக்கோ கலகலன்னு சிரிச்சா. உடனே நல்லமுத்து, "பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு"ன்னாரு. எந்தப் புண்ணியவான் சொல்லி வெச்சுட்டுப் போனானோ, அவன் வாயில மண்ணு விழ! அன்னிக்கோட அவ சிரிப்பு நின்னுச்சு.

அப்புறம் ஒரு நாள், "மாமா, சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டா. "குடும்பத்துப் பொண்ணு காத்து வாங்கப் போவாளா?"ன்னாரு.

அப்புறம் ஒரு நாள், விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாடு, சாணி, அடுப்புன்னு ஓடினவ மத்தியானம் செத்த கண்ணசந்துட்டா. "பகல்ல பொம்பள தூங்குனா வீட்டுக்கு மூதேவி வருவா!"ன்னு கத்தினாரு. கத்திட்டு அவரு என்ன பண்ணாரு? கயித்துக் கட்டில்ல மல்லாந்து கொர்ர்ர்... கொர்ர்ர்... மூதேவிக்கு ஆம்பள படுத்திருக்கற கட்டிலு மட்டும் கண்ணுக்குத் தெரியாது போல!

"ம்... ஹி ஹி."

சிரிக்காத, கோவப்படு. சோத்துக்கு வரேன் இப்ப. அந்த வீட்டுல மொதல்ல ஆம்பளைங்க சாப்பிடணும். அப்புறம் வந்தவங்க போனவங்க. அப்புறம் களத்துல வேலை செய்யறவங்க. அப்புறம் பவளாயி. எல்லாருக்கும் கடைசியா செவந்தி. அதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிருக்கும், சோறு ஆறிப் போயிருக்கும், கொழம்பத் துழாவினா கறிவேப்பிலைதான் வரும். அடுக்களையில செவுத்தப் பாத்து ஒத்தையா உக்காந்து திம்பா. "மாமா, எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடலாமே"ன்னு ஒரு தடவ கேட்டா. அதுக்கு அந்த ஆளு சொன்னாரு... சொன்னாரு என்ன சொன்னாரு, சொன்னான்! மரியாதை ஒரு கேடு! "எங்க வீட்டு வழக்கம் தெரியாதவளா இருக்கியே"ன்னு சொன்னான்.

அப்புறம் செவந்தி ஒண்ணும் கேக்கல. கொஞ்சங் கொஞ்சமா அவ மனசு வாடிப் போச்சு. தட்டுல சோத்த வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா. ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிருப்பா. கூப்பிட்டா கேக்காது. ஒண்ணுமில்லாததுக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வரும். ஒடம்பு துரும்பா எளச்சுப் போச்சு. உசுரு இருக்குமான்னே பயமாயிடுச்சு. அப்போ அந்த வீட்டுல எவனாவது, "என்னம்மா, உனக்கு என்ன வேணும்?"னு பக்கத்துல உக்காந்து கேட்டானா?

"ம்ஹூம்."

கேக்கல! "புளியமரத்துப் பக்கம் போயிருப்பா, பேய் புடிச்சிருச்சு"ன்னுட்டான் நல்லமுத்து. பேயாம் பேய்!

மொதல்ல ஒருத்தன் வந்தான். தாயத்துக் கட்டினான். ஒண்ணும் ஆகல. அப்புறம் இன்னொருத்தன் வந்தான். வேப்பிலையால சளார் சளார்னு அடிச்சான். புள்ள இன்னும் சுருண்டு போனா. அப்புறம் மூணாவதா ஒரு பூசாரி வந்தான். ஒரு கையில உடுக்கை, ஒரு கையில சாட்டை. "இதுக்கும் எறங்கலன்னா பொறந்த வீட்டுக்கே அனுப்பிருவேன், எம் மகனுக்கு வேற பொண்ணு பாப்பேன்"னு நல்லமுத்து சொல்லிட்டான். ராசு? தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

டுடுங் டுடுங் டுடுங்குனு உடுக்கை அடிக்குது. சாம்பிராணிப் பொகை. பூசாரி சாட்டையச் சொடுக்கிட்டுக் கேக்கறான், "ஏய், யாரு நீ? உனக்கு என்ன வேணும்? கோழி வேணுமா? சாராயம் வேணுமா? சுருட்டு வேணுமா? என்ன வேணும், சொல்லு!"

செவந்தி விசுக்குனு தலையத் தூக்கினா. உனக்கு என்ன வேணும்னு அந்த வீட்டுல அவளப் பாத்து ஒருத்தர் கேக்கறது அதான் மொத தடவ, பாப்பா.

அவ்ளோதான், அடி வயித்துலேர்ந்து வந்துச்சு சத்தம். "எனக்குக் கோழி வேணாம்! சுருட்டு வேணாம்! சுடுசோறு வேணும்! எல்லாரோடயும் உக்காந்து திங்கணும்! மத்தியானம் தூங்கணும்! சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்களோட ஏரிக்கரைக்கு நடக்கணும்! நான் சிரிச்சா ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது!"

பூசாரி, "என்னங்க இது, செலவே வெக்காத பேயா இருக்கே"ன்னான். நல்லமுத்து தடால்னு கீழ விழுந்து கும்புட்டான். "குடுத்தர்றோம் தாயே, எல்லாம் குடுத்தர்றோம்!"

"பெரியம்மா, அவ கேட்டப்போ குடுக்கல. பேய்க்கு மட்டும் குடுத்தாங்களா?"

பாத்தியா! பால்பல்லு விழாத உனக்குப் புரியுது. அந்த மீசைக்குப் புரியல.

அப்புறம் செவந்தி தெனமும் ஆவி பறக்கற சோறு தின்னா. மத்தியானம் பாய் விரிச்சுத் தூங்குனா. சாயங்காலம் ஜல் ஜல்னு கொலுசு குலுங்க நடந்து போனா. தாயத்துக்கும் வேப்பிலைக்கும் வராத தெம்பு வந்துருச்சு. ஒரு நாள் பழையபடி கலகலகலன்னு சிரிச்சுட்டா. பவளாயி மட்டும் எல்லாருக்கும் பரிமாறிட்டு அடுக்களை ஓரமா நின்னு மருமகளப் பாத்துக்கிட்டே இருந்தா. இப்போ கடைசி ஆளு அவதானே.

நல்லமுத்து விட்டானா? "ஆளு தெளிஞ்சுட்டா, இனிமே பேய எறக்கி வழக்கப்படி நடக்கச் சொல்லிடலாம்"னு மறுபடி பூசாரியக் கூட்டிட்டு வந்தான். பொண்ணு பொழச்சதே அந்தச் சோத்துலயும் தூக்கத்துலயும்தான்டா! தேறினதும் அதைப் புடுங்கணுமாம்! வயிறு எரியுது எனக்கு.

டுடுங் டுடுங். "போறியா, மாட்டியா?" சாட்டை பளீர்னு தரையில விழுது.

செவந்தி எந்திரிச்சு நின்னா. பயந்தான். ஆனா சொந்தக் கொரல்ல சொன்னா, "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான் கேட்டேன். நானாக் கேட்டப்போ நீங்க குடுக்கல. அதான் மாமா."

நல்லமுத்து மூஞ்சி செவந்து போச்சு. "என்னைய விழுந்து கும்புட வெச்சியாடி! டேய் ராசு, வண்டியக் கட்டு! இவளக் கொண்டு போயி அவ அப்பன் வீட்டுல எறக்கிட்டு வா!"

"ம்... ராசு கட்டுனானா?"

மாட்ட அவுக்கப் போனான். நல்லவனாச்சே! செவந்தி மூட்டையக் கட்ட உள்ள திரும்புறா. அப்போ அடுக்களையிலேர்ந்து ஒரு சத்தம்.

"ஏஏஏய்ய்ய்... நல்லமுத்து!"

எல்லாரும் வெலவெலத்துப் போயிட்டாங்க. பவளாயி! கொண்டையை அவுத்து விட்டுக்கிட்டு, கையில கரண்டியோட நிக்கறா. அந்தக் காலத்துல புருஷன் பேர வாயால சொல்ல மாட்டாங்க பாப்பா. ரேஷன் கடையில கேட்டாக் கூடப் பக்கத்துல இருக்கறவளச் சொல்லச் சொல்லுவாங்க. பேரப்புள்ளை எடுக்கற வயசு வரைக்கும் பவளாயி அந்தப் பேரைச் சொன்னதே இல்ல. பேய் வந்தாலொழிய சொல்லுவாளா?

"நல்லமுத்து! அந்தப் புள்ளைய விட்டுட்டேன்டா! இப்ப இவ மேல வந்திருக்கேன்! இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இவ ஆறின சோறுதான்டா திங்கறா! எலையப் போடுடா! ரெண்டு எலை! வண்டி மாட்டத் தொட்டா ஒங் கொரவளையக் கடிப்பேன்! நீயே பரிமாறுடா!"

பூசாரி உடுக்கையக் கீழ போட்டுட்டான். ராசு மாட்ட விட்டுட்டு ஓடி வந்தான். நல்லமுத்து விழுந்தடிச்சு ஓடினான். எலையப் போட்டான். பானையத் தூக்கிட்டு வந்து குனிஞ்சு சோறு போட்டான். பவளாயி மருமக கையப் புடிச்சு இழுத்துப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா.

மொத வாய் வெச்சதும் பவளாயி 'ஸ்ஸ்ஸ்'ன்னா. நாக்கு சுட்டுருச்சு. சுடுசோறு பழக்கம் இல்லையே அவளுக்கு. கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனாலும் நிறுத்தல, ஊதி ஊதித் தின்னா.

"பெரியம்மா... நெசமாவே பேய் வந்துச்சா?"

அது பவளாயிக்குத்தான் தெரியும். பூசாரி மெதுவா, "இந்தப் பேய எறக்கணுங்களா?"ன்னு கேட்டான். நல்லமுத்து தலைய வேகமா ஆட்டி வேணாம்னான். பவளாயி அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தா, கொள்ளுப்பேரன் மடியில ஒண்ணுக்குப் போற வரைக்கும் இருந்தா. இருக்க மாட்டாளா? நல்லா தின்னு, தூங்கி, சிரிச்சா எந்த எமன் கிட்ட வருவான்?

"ம்..."

சாயங்காலம் மாமியாளும் மருமகளும் பேசிக்கிட்டே ஏரிக்கரைக்கு நடந்து போயிட்டாங்க. கதையும் அவங்க பின்னாடியே போயிருச்சு. நீ கண்ண மூடு, தூங்கு.