யாருடைய விரதம்

"மலைக்குப் போறவங்கள்ல பாதிப் பேரு வேண்டுதலுக்குப் போறாங்க, மீதிப் பேரு..." என்று எங்கள் பெரிய மாமா ஏதோ சொல்வார். மீதிப் பேர் எதற்கு என்றார் என்பது மறந்துவிட்டது. தெய்வசிகாமணியின் கதையைக் கேட்டபோது, அந்த மீதிப் பேரில் ஒருவரைக் கண்டுகொண்டேன்.

ஓர் ஆனி மாதக் காலையில், துளசிமணி மாலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் மயில்சாமி குருசாமியின் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடைக்கு வந்தார். குருசாமி அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனால் பத்தொன்பது முறை சபரிமலை ஏறியவர். அந்த ஊரில் மாலை போட்டுவிடுவது அவர்தான்.

"போட்டு விடுங்க குருசாமி."

"சித்திரையிலதான கழட்டுனீங்க? இந்த வருஷத்துல இது மூணாவதுங்ண்ணா."

"மாசப் பூஜைக்குப் போலாம்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"பூங்கொடி ஒண்ணும் சொல்லலீங்க. போன தடவை கழட்டுன அன்னிக்குப் பாயசம் வெச்சா. தலை நிறையப் பூ வெச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. நான் இடுப்பு வலிக்குதுன்னு படுத்துட்டேன்."

மாலை கழுத்தில் இருந்தால் மனைவி பக்கத்தில் படுக்க வேண்டியதில்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

குருசாமி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"குருசாமி, ஒண்ணு கேக்கோணும். எனக்கு இந்த ஆசையெல்லாம் அடங்கிப் போச்சு. இது பக்குவந்தானுங்களே?"

"அடங்கிப் போச்சுங்களா, முடியலீங்களா?"

தெய்வசிகாமணி வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

"முடியலீங்க. ஒரு வருஷமாச்சு. லாட்ஜுக்கு வர்ற வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கித் தின்னேன். வயித்தாலதான் போச்சு."

"ஆசை?"

"அது அப்படியே இருக்குது."

"அப்ப விரதம் இருக்கறது அக்காதான்."

தெய்வசிகாமணி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வந்துச்சுங்ண்ணா" என்றார் குருசாமி. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால. ஒரு வருஷம் பயந்து கெடந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதற அம்மா அத்தனை கூட்டத்துக்கு நடுவுல, என்ன தொந்தரவுன்னு கேட்டுது. காது வலின்னுட்டேன்."

"காதா?"

"வாய்ல வந்தது அதுதான். காது டாக்டர் தண்ணி பீச்சி ரெண்டு காதுலயும் அழுக்கெடுத்து விட்டுட்டார். வீட்டுக்குப் போனா எல்லாம் தெளிவாக் கேக்குது. அடுப்படியில எங்க வீட்டுக்காரி தனக்குத்தானே பேசிட்டிருக்கா. 'அவருக்கு என்னைப் பிடிக்கலையாட்ட இருக்குது'ங்கறா."

சிரிக்கத் தொடங்கியிருந்த தெய்வசிகாமணி நிறுத்திக்கொண்டார்.

"மறுநாளும் போனேன். அதே அம்மா. இன்னிக்கு எந்தக் காதுன்னுது. காது இல்லீங்கம்மா, கொஞ்சம் கீழேன்னேன்."

"அய்யய்யோ."

"பதினாலாம் ரூமுன்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுது. நிமுந்துகூடப் பாக்கலை. ஒரு வருஷமா நான் பயந்தது அந்த அரை நிமிஷத்துக்குத்தான்."

"டாக்டர் என்ன பண்ணுனார்?"

"ரத்தம் எடுத்தார். சர்க்கரை ஏறிக் கிடந்துச்சு. தூக்கம், சிகரெட்டு, மனசுல என்ன கவலைன்னு எல்லாம் கேட்டார். மாத்திரை குடுத்தார். மறுவாட்டி அவளையும் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"சரியாயிருச்சுங்களா?"

குருசாமி கம்பியை வெட்டினார். "நான் கார்த்திகையில மட்டுந்தான மாலை போடறேன்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம் குருசாமி?" என்றார்.

"அண்ணனுக்குக் காது வலியாம்."

தெய்வசிகாமணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் வெக்கமா இருக்குதுங்க."

"போன வருஷம் மலையேறறப்ப மூச்சு வாங்கி, அத்தனை சாமிங்க பாக்க வழியில படுத்து ஆக்சிஜன் மாட்டிக்கிட்டீங்க. அப்ப வெக்கப்படலீங்களே?"

"அது உசுரு சமாச்சாரமுங்க."

"டாக்டரும் அதேதான் சொன்னார். சர்க்கரையோ இதயமோ கெடறப்ப, பல பேருக்கு இதுதான் முதல்ல தெரியுமாமா. அது உங்க உசுரு. அக்காவுக்கும் ஒரு உசுரு இருக்குதுங்ண்ணா."

தெய்வசிகாமணி மாலையை வெளியே எடுக்காமலே பையைச் சுருட்டிக்கொண்டார். பிறகு எழுந்தார். வீட்டுக்குப் போனதும் பூங்கொடியிடம் சொல்லிவிடுவது, திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தார்.