விறைத்த முழங்கை

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு வர்ம வைத்தியசாலை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு கிளாடிஸ், தன் தகப்பனாரிடம் வைத்தியம் படித்தவர். பெண்ணானாலும் ஊர் அவரை ஆசான் என்றே கூப்பிட்டது. சீடர் தேவசகாயம் பட்டாளத்தில் அணிவகுப்புப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர்.

அன்று சீடர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மகன் ஜெரின். ரப்பர் பால் வெட்டுபவன். பைக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. முழங்கை மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டது. மாதக் கடைசிக்குள் கை நீளாவிட்டால் தோட்டத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

தேவசகாயம் பன்னிரண்டு நாளாக அந்தக் கையை இழுத்துக்கொண்டிருந்தார். பாவம், பிரியத்தில்தான் அவ்வளவு பலமாக இழுத்தார்.

"ஆசான், இவன் வேணும்னே விறைக்கான். சின்ன வயசுலேருந்தே சொன்ன பேச்சு கேக்க மாட்டான்."

"நான் ஒண்ணும் செய்யல. நாளைலேருந்து வரவும் மாட்டேன்" என்றான் ஜெரின். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

கிளாடிஸ் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மடக்கு."

"நீட்டத்தானே வந்தேன்?"

"மடக்கு. நான் விடமாட்டேன். முடிஞ்ச மட்டும் மடக்கப் பாரு."

அவன் மடக்கப் பார்த்தான். அவர் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆறு மூச்சு எண்ணினார்.

"இப்ப சும்மா விடு."

கையை மெதுவாகக் கொண்டுபோனார். அது இரண்டு விரல்கடை கூடுதலாக நீண்டது. ஜெரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேவசகாயத்துக்குச் சந்தோஷமும் ரோஷமும் ஒன்றாக வந்தன.

"எனக்கு மட்டும் ஏன் மறிச்சான்?"

"அவன் மறிக்கல அண்ணாச்சி. சதைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். வெடுக்குன்னு இழுத்தா, பிஞ்சிருமோன்னு அதுவும் திருப்பி இழுக்கும். அவனைக் கேட்டு இல்ல. அவனே நினைச்சாலும் நிறுத்த முடியாது."

"பட்டாளத்துல எத்தனை பயலுவளை நிமித்தியிருக்கேன்!"

"லீவுல வீட்டுக்குப் போனதும் அவங்க எப்படி நின்னாங்கன்னு பாத்தியளா?"

தேவசகாயம் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் பிடிக்கவா, நீங்க பிடிக்கியளா?"

"அதை அவன்ட்டல்லா கேக்கணும்."

தேவசகாயம் மகன் பக்கம் திரும்பினார். இருபத்துநாலு வருஷத்தில் அவனிடம் அவர் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம்.

"லே..." என்றார்.

அதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.