தாய்மாமனுக்கு ஒரு பத்திரிகை

"சாமி, நீங்களே சொல்லுங்க. பத்திரிகையைக் கடையில குடுத்து வாங்குறதா, வீட்டுலயே அடிக்கிறதா?"

மடத்துக்கு வந்து கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டவள் வேதவல்லி. வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள். கொள்ளிடக் கரையில் இருக்கிற இந்த மடத்தில் சமையல் என் பொறுப்பு. சாமி அவளைவிட வயதில் சின்னவர், அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று ஊரில் ஒரு புகார் உண்டு. இருக்கட்டும்.

விஷயம் இதுதான். அவள் மகள் நிறைமதிக்குக் காது குத்தப் போகிறார்கள். கும்பகோணத்தில் கொடுத்தால் ஒரே நாளில் பத்திரிகை வந்துவிடும் என்கிறான் புருஷன். கடைப் பத்திரிகை ஊரில் எல்லார் வீட்டுக்கும் போவதுதானே, அதில் நம் மனசு எங்கே இருக்கிறது என்கிறாள் இவள். சண்டை போட்டு ஒரு பிரிண்டரே வாங்கிவிட்டாள்.

"வாங்குன நாள்லேருந்து என் உயிரை வாங்குது சாமி."

கொண்டுவந்த பையை அப்படியே கவிழ்த்தாள். ஒன்றில் முருகன் முகம் பச்சையாக இருந்தது. ஒன்றில் குழந்தைக்குக் கண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒன்றில் மை இழுத்துக்கொண்டு போய் முகூர்த்த நேரத்தையே காணோம்.

சரி, தோரணமாவது ரெடிமேடாக வாங்கலாம் என்று கடைக்குப் போனாளாம். எல்லாவற்றிலும் ஹேப்பி பர்த்டே என்று போட்டிருந்ததாம். காது குத்துகிற வீட்டில் அதை எப்படிக் கட்டுவது என்று கடைக்காரனிடம் கேட்டதற்கு, திருப்பிக் கட்டுங்க அக்கா, தெரியாது என்றானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி சிரிக்கவில்லை. ஒரு பத்திரிகையை எடுத்தார். அதன் மூலையில் இருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார்.

"கையில ஒட்டலியே."

"அது தடவுன மஞ்சள் இல்ல சாமி. அதையும் சேர்த்தே அடிச்சாச்சு."

சாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"யார் மடியில உக்கார வச்சுக் குத்தப் போற?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமன் வராத காதுகுத்து என்றால் சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். வேதவல்லிக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், கலியபெருமாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவர் வீடு.

புதுமனை புகுவிழாவுக்கு அவருக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பியிருக்கிறாள். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றுவிட்டது.

"அன்னிக்குப் போன்ல அனுப்புனது தப்புதான் சாமி. இந்தத் தடவை என் கையாலயே அடிச்சு அனுப்புனா அண்ணனுக்குப் புரியும்ல?"

நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லா வந்ததும் கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

அவள் சந்தோஷமாகப் போனாள். பாழான பத்திரிகைகளைப் பொறுக்கி அடுப்பு மூட்ட எடுத்துவைத்தேன். அன்று முழுவதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. இவரிடம் யோசனை கேட்க வருகிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் உச்சி வெயிலில் வந்து நின்றாள். கையில் பத்திரிகை.

குறை சொல்ல வழியில்லாமல் அழகாக வந்திருந்தது. அந்தக் காகிதத்துக்காக எந்தெந்தக் கடை ஏறி இறங்கினாள், மையை எத்தனை தடவை மாற்றினாள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அண்ணனுக்கென்று தனியாக ஒன்று அடித்திருந்தாள். அதில் மட்டும் மேலே அவர் பெயர், பக்கத்தில் சின்ன வயதில் இரண்டு பேரும் திருவிழாவில் எடுத்துக்கொண்ட படம். உறையில் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியாயிற்று. சாமி தொட்டுக் கொடுத்தால் நேரே தபாலாபீஸ்தான்.

சாமி மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று, குடும்பத்துடன் வருக."

"எல்லாரும் போடுறதுதானே சாமி."

"பாலத்தைத் தாண்டினா வீடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போய் வாசல்ல நிக்கிறேன்னே வைங்க. வான்னு ஒரு வார்த்தை சொல்லலன்னா? ஒரு வாய்த் தண்ணி குடுக்கலன்னா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவேன்?"

அதுவரை அவள்மேல் இருந்த எரிச்சல் எனக்குப் போய்விட்டது. பாவமாக இருந்தது. இதற்குத்தான் அந்த மெஷினோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் சாமி.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள்.

"உக்காரு."

நான் அடுக்களைக்கு ஓடினேன். அன்றைக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். சாமியே இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். சோற்றுப் பாத்திரத்தோடு வந்த என்னைக் கைகாட்டி நிறுத்தினார். அடுப்புக்கு வைத்திருந்த பழைய பத்திரிகையில் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பேனாவும் கேட்டார். பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி இலை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

எட்டிப் பார்த்தேன்.

"இதையே நேரில் பரிமாறியதாக ஏற்று, வயிறார உண்க."

அவள் இலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பத்தலியா? இன்னொண்ணு எழுதட்டுமா?"

அவள் இலையில் இருந்த காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கடையில வாங்குனது இல்ல. நானே என் கைப்பட எழுதுனது."

சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பசித்து வந்தவளை இலைக்கு முன்னால் உட்கார வைத்துச் செய்கிற வேலையா இது?

குழம்பு வாசனை கூடம் முழுக்க இருந்தது. அவள் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தபால்தலை ஒட்டின உறையைப் பிரித்து அண்ணன் பத்திரிகையை வெளியே எடுத்தாள்.

"ஐயா, மஞ்சள் இருக்கா? ஒரு தாம்பாளமும் வேணும்."

கொடுத்தேன். மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அச்சடித்த மஞ்சளுக்கு மேலேயே நாலு மூலையிலும் தடவினாள். பூஜை மாடத்தில் இருந்த வெற்றிலை பாக்கையும் வாழைப்பழத்தையும் நானே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மனசு கேட்கவில்லை. சோற்றுக் கரண்டியோடு வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"அவர் கிடக்கிறாரும்மா. நீ ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"வேணாங்கய்யா" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அண்ணன் வீட்டுல சாப்பிட்டுக்குறேன்."