பதின்மூன்றாவது மான்

ஒரு காட்டில் பதின்மூன்று மான்கள் இருந்தன. பன்னிரண்டும் இல்லை, பதினான்கும் இல்லை. எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள் குழந்தைகளே, கதையே அதில்தான் இருக்கிறது.

தலைவன் நெடுங்கொம்பனுக்கு வரிசை என்றால் உயிர். ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசையாகத்தான் போக வேண்டும். எப்போதும் கடைசியில் வருபவள் கூழைவாலி. பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நடப்பாள், பாவம்.

அதே காட்டில் நான்கு செந்நாய்கள் இருந்தன. பாயும் முன்பே பங்கு பிரித்துக்கொள்வது அவற்றின் வழக்கம். ஆளுக்கு மூன்று மான் போக ஒன்று மிஞ்சும். "அது எனக்கு!" "இல்லை, எனக்கு!" என்று ஒன்றையொன்று கடித்துக் குதறும். மூன்று நாய்கள் வந்தாலும், இரண்டே வந்தாலும் அதே கதிதான். அந்தச் சண்டைச் சத்தம் கேட்டதும் மான்கள் ஓடிப் பிழைத்துக்கொள்ளும்.

செந்நாய்கள் தின்று போடும் எலும்புக்காகக் காத்துக் காத்து ஒரு நரி காய்ந்து கிடந்தது. அது ஒரு நாள் நெடுங்கொம்பனிடம் வந்தது.

"அண்ணே, உங்கள் வரிசையைப் பார்க்க இரண்டு கண் போதாது! ஆனால் ஏதோ இடிக்கிறது. இரண்டிரண்டாக நிற்கச் சொல்லுங்களேன்."

நின்றார்கள். கூழைவாலி மிஞ்சினாள்.

"மூன்று மூன்றாக?"

அவளே மிஞ்சினாள். நான்கு நான்காக நின்றாலும், ஆறு ஆறாக நின்றாலும் அவள்தான் தனியாக நின்றாள்.

"பார்த்தீர்களா அண்ணே! நான் ஒன்றும் சொல்லவில்லையப்பா" என்று நரி நழுவிவிட்டது.

எல்லோரும் அவளை முறைத்தார்கள். கூழைவாலி தலைவன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, செந்நாய்கள் நம்மைப் பங்கு போட முடியாமல்தான் சண்டை போடுகின்றன. கடைசியில் நிற்கிறேன் இல்லையா, என் காதாலேயே கேட்டேன். நாம் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால் சண்டை வராது, சத்தமும் வராது!"

"நம் கால் வேகத்தால் பிழைக்கிறோம். இவளால் பிழைக்கிறோமாம், கேட்டீர்களா கதையை!"

"சரி, ஐந்தைந்தாக நின்று பாருங்கள். மூன்று பேர் மிஞ்சுவீர்கள். மூவரையும் துரத்துவீர்களா?"

"ஐந்தைந்தாக நிற்கும்படி நரி சொல்லவில்லையே!" என்றான் நெடுங்கொம்பன்.

அட மடையர்களே! எல்லோரும் தலையாட்டினார்கள். கூடப் பிறந்த அக்காகூட வாய் திறக்கவில்லை. அதுதான் கூழைவாலிக்கு ஆறவே இல்லை.

அவளை முட்டித் துரத்தினார்கள். அழுதுகொண்டே மலைச்சரிவுக்குப் போனாள். அங்கே போயும் பழக்கம் விடவில்லை, காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு மான்களும் நான்கு நான்காக ஓடைக்கு வந்தன. கூழைவாலி மேலிருந்து பார்த்தாள். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. வயிறு எரிந்தது அவளுக்கு.

அப்போது ஓடைக்கரைப் புதர் அசைந்தது. சண்டைச் சத்தம் வரும், எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். வரவே இல்லை.

"ஓடுங்கள்!" என்று கத்திக்கொண்டே அவள் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிறு நிறைந்த செந்நாய்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வா கூழைவாலி" என்றது எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த நரி. "என்ன அருமையான பங்கு தெரியுமா! ஆளுக்கு மூன்று. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை."

"என் அக்கா?" என்றாள் அவள்.

"அவள் எந்தப் பங்கில் போனாளோ, நான் கவனிக்கவில்லையே."

நீதி: மிச்சம் என்று ஒருவரை ஒதுக்காதே. பகைவன் உன்னைப் பங்கு போட முடியாமல் தவிப்பதே அவரால்தான்.