கல்லீரலுக்குள் ஒரு காவல்காரன்

"அகோரத்தை வெளியே அனுப்பிவிடுங்கள் சாமி. அவன் கை பட்ட சோறு உங்களுக்கு ஆகவில்லை" என்றார் சட்டநாதத் தம்பிரான்.

சாமி கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடம் சின்னது. அதன் தலைவரான சாமி, காவி கட்டுவதற்கு முன் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், தங்கை கொடுத்த ஒன்றில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிரான் வயதில் சாமியைவிட மூத்தவர். ஆனாலும் சீடர். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது அவர் வேலை. அகோரம் மடத்துத் தவசிப்பிள்ளை. சமையல் அவன் பொறுப்பு. திருவெண்காட்டுக் கோயில் சாமியின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். தம்பிரானுக்கு அது எடுபடவில்லை. பெயரே சரியில்லை என்பது அவர் கட்சி.

சாமி தாளை நீட்டினார். தஞ்சாவூர் டாக்டரம்மா அனுப்பிய ரத்தப் பரிசோதனை.

இன்னொருவர் சிறுநீரகத்தை உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. எதிர்க்கும். அதை அடக்கி வைக்க ஒரு மாத்திரை. அந்த மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டரம்மா போன மாதமே மாத்திரையைக் கூட்டினார். கூட்டியும் இறங்கியது. இப்போது இன்னும் கூட்டியிருக்கிறார். இப்படியே போனால் சிறுநீரகம் கைவிட்டுவிடும். கொடுப்பதற்கு இன்னொரு தங்கை இல்லை.

தம்பிரான் தன் வழக்கை எடுத்து வைத்தார். அகோரம் முன்பு இருந்த மடத்தில் பெரியவர் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தாராம். அகோரம் கொல்லைப்பக்கம் ஒதுங்கிப் போய்ப் போன் பேசுகிறானாம். தம்பிரானைக் கண்டதும் வைத்துவிடுகிறானாம். யோக்கியன் எதற்கு வைக்கிறான்?

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு, சோற்றில் எதையோ கலக்கிறான் என்று மனசில் பட்ட அன்றே, கும்பகோணம் போய் ஒரு விஷமுறிவுச் சூரணம் வாங்கி வந்திருந்தார். தினமும் சாயங்காலம் அதைத் தேனில் குழைத்துச் சாமிக்குக் கொடுத்தார். இருமலுக்கு என்று சொன்னார். சாமி என்ன ஏது என்று கேட்கவில்லை. நக்கிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்திரை உம் கையால்தானே வருகிறது?" என்றார் சாமி.

"என் கையால்தான்."

"நான் விழுங்குவதைப் பார்க்கிறீர்?"

"தொண்டையில் இறங்குகிற வரைக்கும்."

"அப்புறம் எங்கே போகிறது?"

"அதைத்தானே சாமி சொல்கிறேன். திருடன் உள்ளேயே இருக்கிறான். அடுக்களையில்."

"இன்னும் உள்ளே" என்றார் சாமி. தன் வலது விலாவுக்குக் கீழே ஒரு விரலை வைத்தார்.

தம்பிரானுக்கு எரிச்சல் வந்தது. ஆளைக் காட்டினால் இவர் வயிற்றைக் காட்டுகிறார்.

சாமி சொன்னார். கல்லீரலில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கரு. கருவுக்குள் ஒரு காவல்காரன். உட்கரு ஏற்பி என்று புத்தகத்தில் பெயர். அவனுக்குக் கண் கிடையாது. வந்ததைத் தடவிப் பார்ப்பான். பழக்கமில்லாதது கையில் சிக்கினால் ஆள் சேர்ப்பான். அரிவாளோடு வருவார்கள்.

"நல்ல காவல்காரன்தானே?"

"நல்லவன்தான். வந்தவர்கள் அந்நியனை மட்டும் வெட்டினால்."

தம்பிரான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திரையையும் வெட்டுகிறார்களா?"

"எதிரே வருவதை வெட்டுவார்கள். மாத்திரை. உடம்பு தானாகச் சுரப்பது. எலும்புக்குப் போகிற சத்து. எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது."

இப்படிக் காவல்காரர்கள் இன்னும் பலர் உண்டு என்றார். கொழுப்புக்கு ஒருவன், பித்தத்துக்கு ஒருவன். எவனாவது ஒருவன் நிலைதப்பினாலும் உடம்பு நோயில் விழும். கெட்ட எண்ணம் எவனுக்கும் கிடையாது.

"இவனை உசுப்பிவிட்டது யார் சாமி?" தம்பிரான் குரல் இறங்கியிருந்தது.

"தெரியவில்லை. புதிதாக ஏதோ ஒன்று உள்ளே போகிறது. விஷமாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு வேர், ஒரு பட்டை போதும்."

தம்பிரான் பூசைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சூரணத்தைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார். தேனை மட்டும் கொடுத்தார். யாருக்கும் தெரியாது. இனிமேல் மருந்து தானாக ஏறிவிடும்.

ஆற்றங்கரையில் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. இந்த நேரம் பார்த்து அகோரம் போய்விட்டால்? மருந்து ஏறும். பார்த்தீர்களா, அவன் போனான், சரியாயிற்று என்று ஊரே சொல்லும். தம்பிரானுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலோடு அடுக்களைக்குப் போய், காலையில் மூட்டையைக் கட்டு என்று அகோரத்திடம் சொல்லிவிட்டார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. குற்றமுள்ளவன்தான் கேட்கமாட்டான் என்று தம்பிரான் எண்ணிக்கொண்டார்.

காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா கேட்பது போல் கேட்டார்.

"அந்த அந்நியன் வருவதை நிறுத்திவிட்டால் காவல்காரன் அடங்கிவிடுவானா சாமி?"

"அடங்குவான். உடனே இல்லை. சேர்த்த ஆட்கள் கலைய இரண்டு வாரம் ஆகும்."

"அப்புறம் கவலை இல்லை."

"அப்புறம்தான் கவலை."

தம்பிரான் பார்த்தார்.

"டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்" என்றார் சாமி. "வெட்டுக்கு ஈடுகொடுக்கக் கூட்டியது. வெட்டுகிறவன் போய்விட்டால் அத்தனையும் ரத்தத்தில் நிற்கும். முதலில் கை நடுங்கும். பிறகு எந்தச் சிறுநீரகத்தைக் காக்க வந்ததோ அதையே தின்னும். மருந்துதான். அளவு மீறினால் விஷம்."

சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

தம்பிரான் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் கிடந்த மாத்திரையையே பார்த்தார். கொடுத்தால் ஒரு கேடு. கொடுக்காவிட்டால் ஒரு கேடு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டும்.

"தேனில்" என்றார். மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். சூரணம், கடை, நேற்று ஆற்றில் கொட்டியது, அகோரத்தை மூட்டை கட்டச் சொன்னது, அது ஏன் என்பது.

சாமி முழுதையும் கேட்டுவிட்டுப் போனை எடுத்து எண்ணைப் போட்டுத் தம்பிரானிடம் நீட்டினார்.

"நீரே சொல்லும்."

டாக்டரம்மா தம்பிரானை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு நிதானமாக வழி சொன்னார். இன்றைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ரத்தத்தை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும், மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று. தம்பிரான் இரண்டு முறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். சொன்ன அளவைக் கொடுத்தார். சாமி விழுங்கினார்.

"என்னை அனுப்பிவிடுங்கள் சாமி" என்றார் தம்பிரான்.

"முதலில் அடுக்களைக்குப் போய்விட்டு வாரும்."

அகோரம் உண்மையிலேயே மூட்டையைக் கட்டி வைத்திருந்தான். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். தம்பிரான் வாசற்படியில் நின்றபடி, அவன் முகத்தைப் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொன்னார். உன்மேல் சந்தேகப்பட்டேன். அதனால் சூரணம் கொடுத்தேன். அதுதான் சாமிக்குக் கேடாகிவிட்டது.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"சூரணந்தானா அது?" என்றான் அகோரம்.

"எது?"

"தம்பிரான் சாமி தேனில ஒரு பொடியைப் போடறதைப் பாத்தேன். மடத்தைப் பிடிக்கத்தான் போடறீங்கன்னு நெனச்சேன்."

தம்பிரானுக்குச் சுருக்கென்றது. "சாமியிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"யார்கிட்டச் சொல்ல? நம்ம பேச்சை யாரு நம்புவா? மச்சான்கிட்டப் போன்ல கேட்டேன். ஒரு வேர் சொன்னான். எந்த விஷமா இருந்தாலும் முறிச்சுடுமாம்." அகோரம் துணியைப் பிழிந்தான். "தெனம் கஞ்சியில இழைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்குங்கூடப் போட்டுக் கூடத்துல வச்சிருக்கேன்."

தம்பிரான் அவன் கையைப் பிடித்தார். பிடித்தார் என்பதைவிட இழுத்தார் என்பதுதான் சரி. இருவரும் கூடத்துக்கு ஓடினார்கள். சாமி கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

அகோரம் அதை வாங்கிக் கீழே வைத்தான். வைத்துவிட்டுக் காலில் விழுந்து, விழுந்தபடியே வேரைப் பற்றிச் சொன்னான்.

சாமி போனை மறுபடி எடுத்தார். எண்ணைப் போட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. போனைக் காதில் வைக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மடத்தில் என்மேல் அக்கறையாக இன்னும் யாராவது இருக்கிறார்களா?"