சென்னியப்பன் கட்டின இழுவை இன்ஜின்

சங்ககிரி பைபாஸ்ல, சென்னியப்பன் பட்டறை முன்னால ஒரு டிராக்டர் வந்து நின்னுச்சு. டிரெய்லர்ல ஆனைக்குட்டி படுத்திருக்கற மாதிரி ஒரு இன்ஜின். பக்கத்துல, இன்ஜினை விட வெறைப்பா பாவாத்தாக்கா. கவுந்த லாரிய நிமித்தி இழுத்துட்டுப் போற ரெக்கவரி வண்டி அதோடதுதான்.

"இதைப் பிரிச்சுப் புதுசாக் கட்டோணும். எத்தன குதிரைசக்தி வரும், என்னென்ன சாமான் போடுவே, சொல்லு. மனசுக்குப் புடிச்சா இறக்கறேன். இல்லாட்டி சேலம் ரோட்டுக்காரன் இருக்கான்."

பெரிய இன்ஜினைக் கண்ணுல பாத்தே மூணு மாசம் ஆச்சு சென்னியப்பனுக்கு. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டற நெலமை. இதை வுட்டா பட்டறையச் சாத்தீட்டுப் போக வேண்டியதுதான். ஒழுங்கா அளவெடுத்துச் சொல்லியிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும். ஆனா அவன் வாய் இருக்குதே, அது எப்பவும் செல்ஃப் ஸ்டார்ட்டு.

"குதிரையா? அக்கா, போன வருசம் இதே மாதிரி ஒண்ணு கட்டினேன். ரெண்டாயிரம் குதிரை!"

பக்கத்து லேத்துப் பட்டறை ரத்தினவேலு டீ கிளாசோட எட்டிப் பாத்தாரு. "அத்தனைக்கும் கொள்ளு யாரப்பா வாங்கிப் போட்டா?"

"சும்மா இருங்க மாமா! அக்கா, இழுவை வண்டிக்கு வேகம் முக்கியமில்லீங்க. மெதுவாச் சுத்தறப்பவே பலம் வரோணும். அதுக்குத் தகுந்த மாதிரி, வால்வைத் தொறந்து மூடற கேம்ஷாஃப்டையும் சாந்தமானதாப் பாத்து எடுத்தேன். டர்போவும் சின்னது. சின்னதுதான் சீக்கிரம் காத்து ஊதும்."

"அது சரிதான்"னு பாவாத்தாக்கா தலையாட்டுச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். தலையாட்டினதப் பாத்ததும் பயலுக்குக் குளுந்துருச்சு.

"எவ்வளவு சீக்கிரம்ங்கறீங்க? ஆயிரம் சுத்துல பலம் வரும்னு பாத்தா, ஐநூறுலயே வந்துச்சு. லேசாத் தட்டி வுட்டேன், நூறுல வந்துச்சு. இன்னொரு தட்டு... சைபர்லயே வந்துருச்சுங்க்கா! சாவி போடல. ஸ்டார்ட் பண்ணல. சங்கிலிய மாட்டினதுதான் பாக்கி, சும்மா நின்ன வண்டி சத்தமே இல்லாம இழுக்க ஆரம்பிச்சிருச்சு!"

"எறக்கத்துல நிறுத்தியிருப்பே. கல்லு வெச்சியா?"ன்னாரு ரத்தினவேலு.

"ஏத்தம் மாமா, ஏத்தம்! தொப்பூர் கணவாய்ல, நாப்பது டன் இரும்புச் சுருளோட ஒரு டிரெய்லர் சிக்கிக்கிச்சு. சங்கிலியப் போட்டு இழுக்கறேன், லாரி அசைய மாட்டேங்குது. சங்கிலியும் அறுகல. ஆனா தர்மபுரி கிட்ட வருது! என்னடான்னு பாத்தா, ரோடே கோரம்பாயாட்டம் சுருண்டுக்கிட்டு வருதுங்க்கா! டோல்கேட்டு வருது, உள்ள உக்காந்திருந்த ஆளு வர்றாரு, அவரு கையில மோரு டம்ளரு. ஒரு சொட்டு சிந்தலீங்க்கா!"

"அப்பறம் ரோட்டைத் திருப்பி விரிச்சியா, அப்படியே வுட்டுட்டு வந்துட்டியா?"

"விரிச்சேன் மாமா. ரெண்டு எடத்துல மடிப்பு நிக்கல. அதுக்குத்தான் மஞ்சக் கோடு போட்டு வேகத்தடைன்னு வெச்சுக்கிட்டாங்க."

பாவாத்தாக்கா மொகம் கல்லாட்டம் இருந்துச்சு. "டீசலு?"

"குடிச்சாத்தானுங்க்கா! எறக்கத்துல வுட்டா, வேண்டாம்னு டேங்குக்கே திருப்பி அனுப்பும். சேலம் சேர்றதுக்குள்ள ரொம்பி வழிஞ்சு, பின்னாடி பத்து லாரிக்காரங்க பக்கெட்டோட வந்தாங்க!"

"சரி. அந்த வண்டியக் கொண்டா, பாக்கலாம்."

ரத்தினவேலு டீய உறிஞ்சறத நிறுத்திட்டு ஆவலாப் பாத்தாரு.

"அதுதாங்க்கா கொடுமை! வெள்ளிக்கிழமை காலைல இன்ஜினை மாட்டி, மத்தியானம் முழு இழுவை குடுத்தேன். இழுத்த இழுப்புல வண்டி வியாழக்கிழமைக்குப் போயிருச்சு. வியாழக்கிழமைதான் இன்னும் இன்ஜினே மாட்டலியே! வெறுங்கூடு நடுரோட்ல நின்னு போச்சு."

ரோட்ல போன பஸ்ஸு கூட ஆரன் அடிக்காமப் போச்சு.

பாவாத்தாக்கா நிதானமாக் கேட்டுச்சு. "அப்ப வியாழக்கிழமை அந்த இன்ஜின் உம்பட பட்டறைலதான இருந்துச்சு?"

"ஆமாங்க்கா."

"அன்னிக்கு நான் வந்தேன். நீ டீ குடிக்கப் போயிருந்தே. நானே தூக்கிட்டுப் போயி என் வண்டில மாட்டிட்டேன். நல்லாத்தான் இழுக்குது. இனி நீ எதுக்கு எனக்கு? ஏப்பா டிரைவரு, சேலம் ரோட்டுக்கு வுடு!"

ரத்தினவேலுக்கு டீ மூக்கு வழியா வந்துருச்சு. டிராக்டரு டுபுடுபுடுபுன்னு கெளம்பிருச்சு. சென்னியப்பன் பின்னாலயே ஓடினான். ஒத்தச் செருப்பு ரோட்லயே கெடக்க, டிரெய்லர்ல தாவித் தொத்திக்கிட்டு, இன்ஜினுக்குள்ள வெரல வுட்டுத் தடவிக்கிட்டே கத்தினான்.

"அக்கா! லைனரு தேஞ்சிருக்குது, மாத்தோணும்! கிராங்கு நல்லாருக்குது, பாலிஷ் போதும்! புது பிஸ்டனு, சின்ன டர்போ! நூத்தி எழுவது குதிரை வரும்! அதுக்கு மேல ஒரு குட்டி கூட வராதுங்க்கா, சத்தியமா!"

"நிறுத்துப்பா. பின்னால எடு, இங்கயே இறக்கிரலாம்." சொல்லிட்டு பாவாத்தாக்கா சந்தேகமாத் திரும்பிப் பாத்துச்சு. "ஆனா சேலம் ரோட்டுக்காரன் எரநூறு வரும்ங்கறானே?"

சென்னியப்பனுக்கு மூச்சு வாங்குச்சு. நெஞ்சுல கைய வெச்சு, ரொம்ப வேதனையோட சொன்னான்.

"அவன் புளுகறானுங்க்கா."